சாசரில் சோறு

தீவில் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, அம்மா அப்பாவைப் பட்டினி போடுகிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னது நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது.

அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை பார்த்தவர். அவர் ஒற்றைக் கையில் நானும் அண்ணனும் சேர்ந்தே தொங்குவோம். வயிற்றில் கட்டி என்று கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போய் வைத்தியம் பார்த்துத் திரும்பியபோது, அதே கையில் வாட்ச் முழங்கை வரை ஏறி இறங்கியது. அம்மா தட்டு நிறையச் சோறு வைத்துக் கெஞ்சுவாள், திட்டுவாள், அழுவாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் நர்ஸ் ஒருவர் வந்து அம்மாவிடம் வெகுநேரம் பேசிவிட்டுப் போனார். மறுநாளே எல்லாம் மாறிவிட்டது. விருந்தாளிக்கு டீ கொடுக்கும் சாசரில் மூன்று ஸ்பூன் சோறு, கொஞ்சம் மசித்த முட்டை. அவ்வளவுதான். அப்பா போதும் என்றால் அம்மா பேசாமல் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். போதாததற்கு, காலையும் மாலையும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழச் சொன்னாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அது தண்டனை.

எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெங்காலி ஆன்ட்டியிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

சாயங்காலம் மீன் குழம்போடு ஆன்ட்டி வந்தார். பின்னாலேயே தெலுங்குக்கார அக்கா பருப்போடும் நெய்யோடும் வந்தார். "தோடா காலோ, பாய்சாப்," என்று கொஞ்சமாவது சாப்பிடச் சொல்லி ஆன்ட்டி கிண்ணத்தை நீட்டினார். வீடெல்லாம் மீன் வாசனை. அப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எம்மவ போலீஸ்ல சேர வேண்டியவ. புகார் குடுத்து மீன் வாங்கிட்டா பாரு."

எனக்காக ஒரு துண்டு மீனை வாயில் வைத்தார். அடுத்த நிமிஷம் வாந்தி. அம்மா என்னைத் திட்டவில்லை. தரையைத் துடைத்தாள், ஜன்னலைத் திறந்துவிட்டாள், வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

நோய் பசியையே அடக்கிவிடும், நிறைந்த தட்டைக் கண்டாலே மிரட்சி வரும், கெஞ்சாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், உடம்பு தளராமல் இருக்க உட்கார்ந்து எழச் சொல்லுங்கள் என்று நர்ஸ் சொன்னது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

வாசனை அடங்கியபிறகு அம்மா ஆறின ரசஞ்சோறு மூன்று ஸ்பூன் கொண்டுவந்தாள். அப்பா மெதுவாகத் தின்று முடித்து, சாசரைக் கவிழ்த்துக் காட்டினார்.

"முடிச்சிட்டேன், பாத்துக்க."

அம்மா அதை வாங்கிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவ்வளவு சின்னத் தட்டைக் கழுவ இத்தனை நேரமா என்று நினைத்துக்கொண்டே நான் மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டேன்.