நுரைத்த மண்

பூரணாங்குப்பத்து வைஜெயந்தி வில்லியனூரில் ஒரு மீன்தொட்டிக் கடையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறாள். சேர்ந்த அன்று தொட்டியில் பாசி சுரண்டினாள், இன்றைக்கும் அதேதான். ஆனால் செடி வளர்க்கிற தொட்டி வேண்டுமென்று யாராவது வந்தால், முதலாளி தங்கவேலின் கண் அவளைத்தான் தேடும். அடியில் என்ன மண் போடுவது என்பது அந்தக் கடையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். கலர் கல்லைக் கொட்டிவிட்டுச் செடியைக் குறை சொல்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாகூரில் இன்னொரு கடை திறக்கத் தங்கவேல் இடம் பார்த்திருந்தார். அந்த ஊர் உஷாராணி டீச்சர் வீட்டுக்கு இரண்டடியில் செடித் தொட்டி கேட்டிருந்தார்.

"இத்த நீயே தனியா வெச்சுக் குடு வைஜெயந்தி. செடி நல்லா வந்துச்சுன்னா பாகூர் கடை உன் பொறுப்பு," என்றார் தங்கவேல். அன்று அவளுக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

ஏரி வண்டலை வெயிலில் காயப்போட்டு, சலித்து, ஊறவைத்து வடித்தாள். அதன்மேல் மூட ஆற்று மணல் வேண்டும். எங்கும் கிடைக்கவில்லை. தங்கவேல் அலட்டிக்கொள்ளவில்லை.

"நாளைக்கு வர்றப்ப உங்க ஊரு கரையிலேர்ந்து ரெண்டு பை அள்ளியாந்துடு."

"கடல் மண்ணு ஆவாதுண்ணா."

"உப்புதானே? கழுவுனா போயிடும்."

"உப்பு போயிடும்ணா. கிளிஞ்சல் போவாது."

சொன்னாளே தவிர, ஸ்கூட்டியில் வைத்து அள்ளிக்கொண்டுதான் வந்தாள். ஏழு தண்ணீர் விட்டுக் கழுவினாள். ஒரு பிடியைத் தட்டில் வைத்து எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். மண் சுர்ரென்று நுரைத்தது.

"பாருங்கண்ணா, அத்தினியும் சுண்ணாம்பு. கொஞ்சங்கொஞ்சமா தண்ணியில எறங்கும். டீச்சர் கேட்ட செடி தாங்காது."

தங்கவேல் சிரித்தார். "டீச்சர் இன்னா, எலுமிச்சம்பழமா புழிஞ்சு பாக்கப் போறாங்க? போடு."

போட்டாள். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாகூர் கடை கண்ணுக்குள் நின்றது. இந்த இடத்தில் எனக்கே அவள்மேல் கோபம் வருகிறது.

இரண்டு மாதத்தில் இலை வெளுத்தது, ஓட்டை விழுந்தது, தண்டோடு கரைந்தது. டீச்சர் போன் செய்தார். தங்கவேல் அவளையும் கூட்டிக்கொண்டு போனார். தொட்டிமுன் நின்று, அவள் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"கடலோரத்துப் பொண்ணு டீச்சர். அவங்க ஊரு மண்ண அள்ளியாந்து போட்டுடுச்சு. அதுக்கு மண்ணப் பத்தி இன்னா தெரியும்? அது போட்டது எனக்கே இப்பதான் தெரியும்."

வைஜெயந்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், மண்ணைப் பற்றித் தெரியாது என்று மட்டும் சொல்லக்கூடாது. டீச்சரிடம் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினாள். தொட்டியில் கைவிட்டு மேல்மண்ணைக் கிள்ளித் தட்டில் வைத்துப் பிழிந்தாள். நுரைத்தது.

"எனக்குத் தெரியும் டீச்சர். அன்னிக்கே கடையில இப்பிடித்தான் புழிஞ்சு அண்ணங்கிட்ட காட்டுனேன். அவருதான் போடுன்னாரு."

தங்கவேல் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

டீச்சர் தட்டில் நுரை அடங்கும்வரை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அப்போ, தெரிஞ்சேதான் எங்க வீட்ல வந்து போட்டியா?"

வைஜெயந்தி தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பாகூர் கடை திறந்தாயிற்று. தங்கவேலின் மச்சான் பார்த்துக்கொள்கிறார். வைஜெயந்தி வில்லியனூரில் பாசி சுரண்டுகிறாள். செடித் தொட்டிக்கு என்ன மண் போடலாம் என்று யாராவது கேட்டால் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

"அண்ணனக் கேளுங்க," என்கிறாள்.