பனி விழுந்த செம்பனைத் தோட்டம்

மலேசியாவின் ரெங்கம் என்றாலே, செம்பனை ஆலையிலிருந்து காற்றோடு வரும் புளித்த எண்ணெய் வாடைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். முதல் வாரம் குமட்டியது, இரண்டாம் வாரம் சோற்றோடு கலந்துகொண்டது, பிறகு அப்படி ஒரு வாடை இருப்பதே தெரியாமல் போனது. பதின்மூன்று வயதில் எனக்கு எல்லாமே அப்படித்தான் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. அப்பா தவறியபின் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்த அம்மா, ஜொகூர் பாருவிலிருந்து என்னைக் கொண்டுவந்து தோட்டத்துச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, "ஸ்கூல் லீவுக்குள்ள கூட்டிக்கிறேன்" என்று சொல்லிப் போனார். நான் அழவில்லை. அழுகை வரவில்லை என்பதுதான் உண்மை.

பழைய பள்ளி நூலகத்தில் திருப்பிக் கொடுக்க மறந்த ஒரு ஜப்பானிய நாவல், மலாய் மொழிபெயர்ப்பு, என் பையில் இருந்தது. நகரத்துப் பையன் ஒருவனை மலைக்கிராமத்தில் உறவினர் வீட்டில் விட்டுப் போகிறார்கள். அவன் அங்கே 'லாடாங்'கில் வேலை செய்யப் பழகுகிறான். மலாயில் அந்தச் சொல் காய்கறிக் கொல்லைக்கும் பொருந்தும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு 'லாடாங்' என்றால் எஸ்டேட்தான். ஆகவே நான் ஜப்பானில் செம்பனை நட்டுவிட்டேன். காலை ஆள்கணக்கான 'பெரட்டு'க்குத் தண்டல் மேஸ்திரி பேர் கூப்பிட ஜப்பானியர்கள் நடுங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள், மட்டைகளின் மேல் பனி கொட்டியது.

சித்திக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. மரத்தடியில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி மூட்டை கட்டிவிட்டு வந்து, குளித்து, தேத்தண்ணியோடு உட்காருவார். அன்றன்று படித்ததை நான் தமிழில் சொல்வேன்.

"அங்கயும் உதிரி பொறுக்குவாங்களா?"

"பொறுக்குவாங்க சித்தி."

"அந்தக் குளிர்லயா? பாவம்லா."

பிள்ளையில்லாத சித்திக்கு அந்தப் பையன் மேல் உயிர். அவன் சாப்பிட்டானா, ஒழுங்காகத் தூங்குகிறானா என்று தினமும் விசாரிப்பார். விசாரித்துக்கொண்டே மீனில் பெரிய துண்டை என் தட்டில் வைப்பார். அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

லீவு நெருங்கியபோது அம்மா போனில், "இங்க வாடகை வீடு கெடச்சிருச்சு. நீ பழகிட்டேன்னா அங்கயே இருந்து படி, உன் இஷ்டம்" என்றார். எனக்குள் இஷ்டம் என்று ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன்; ஒன்றும் அகப்படவில்லை. அம்மா கேட்டதைச் சித்தியிடம் சொன்னேன். அன்று சாயங்காலம்தான் கடைசி அத்தியாயம்.

"அவன் போயிட்டானா, இருந்துட்டானா?" என்று கேட்டார் சித்தி.

புத்தகத்தில் அவன் இருந்துவிடுகிறான். "அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது. சித்தி கிளாசை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது என் உடுப்பெல்லாம் மடித்துப் பையில் இருந்தது. அம்மாவுக்கும் அவரே போன் செய்துவிட்டார். கிளம்பும்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சித்தி இருந்த தோட்டத்து வரிசை வீடுகளை இப்போது இடித்துவிட்டார்கள். பெரட்டுக்கு நின்றவர்களில் ஒருவரும் அங்கே இல்லை. சித்தி கூலாயில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தபோது, அந்தக் கதையின் முடிவை மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்லா" என்றார், வெங்காயம் உரித்துக்கொண்டே. "நீ ஸ்கூலுக்குப் போனதும் பக்கத்து வீட்டு மருமகளக் கூப்பிட்டுக் கடைசிப் பக்கத்தப் படிக்கச் சொன்னேன். அவன் இருந்துட்டான்னு சொன்னா. அப்புறந்தான் உன் துணிய மடிச்சேன்."