வாங்காத தாளுக்கு ஒரு கையெழுத்து

போன மாதம் காலமான அருள்நாதன், நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல்லுக்கு மல்லிகை ஏற்றி வேன் ஓட்டியவர். ஒருநாள் சின்னாளப்பட்டி அருகே அடிபட்டுக் கிடந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இடித்ததே அவர்தான் என்று போலீஸ் வழக்குப் போட்டது. தண்டனை கிடைத்தால் லைசென்சு போகும். வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

முதல் வாய்தாவில் நீதிமன்ற எழுத்தர் வழக்குக் கட்டைப் பிரித்து ஓர் இடத்தைக் காட்டினார். "குற்றப்பத்திரிகை நகல் வாங்கிக்கிட்டேன்னு இதுல கையெழுத்துப் போடுங்க."

"நகல் எங்க சார்?"

"பின்னாடி வரும்."

பூ மார்க்கெட்டிலும் அப்படித்தான். வெயில் ஏறினால் பூ வாடிவிடும் என்று சீட்டில் முதலில் கையெழுத்து விழும், மூட்டை பிறகு இறங்கும். அங்கே யாரும் ஏமாற்றியதில்லை. அந்தப் பழக்கத்தில் போட்டுவிட்டார். நகல் வரவே இல்லை.

அடுத்த வாய்தாவில் கூண்டில் ஏறினார். சாட்சி யார், என்ன சொன்னார், ஒன்றும் தெரியாது. இலவசச் சட்ட உதவிக்கு வந்த வக்கீல் இளஞ்செழியன் காதோரம் குனிந்தார். "ஒத்துக்கங்கண்ணே, பைனோட போயிரும். மதியம் நீங்களும் சோறு திங்கலாம், நானும் திங்கலாம்." வாயில் பாக்கு வாடை. அருள்நாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"என்ன எழுதியிருக்குன்னே தெரியாதுங்கய்யா. தாளையே கண்ணுல காட்டல."

"வாங்கியதாகக் கையெழுத்து இருக்கிறதே?"

"நான் போட்டதுதான்யா. போட்டா தருவாங்கன்னு போட்டேன்."

பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்காமல் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் மின்விசிறியைப் பார்த்தார். நகலைக் கொடுத்து, அவர் படித்த பிறகு கூப்பிடச் சொல்லி நீதிபதி வழக்கைத் தள்ளிவைத்தார்.

தாளைக் கொடுக்கும்போது எழுத்தர் கொஞ்சமும் கூசவில்லை. "வக்கீல் சார், உங்க ஆளு பெரிய சட்டப்புலி!" என்றார். இளஞ்செழியனும் சேர்ந்து இளித்தார்.

அடுத்து நின்றவர் அகரத்து விவசாயி நல்லுசாமி, வேறொரு வழக்கில் வந்தவர். எழுத்தர் நகல் கொடுக்காமலே அவருக்கும் கையெழுத்துக்கு இடம் காட்டினார்.

"தாளை வாங்கிட்டுப் போடுங்கண்ணே" என்று அருள்நாதன் அவர் கையைப் பிடித்தார்.

நல்லுசாமி உதறினார். "சும்மா இரு அப்பு. ஆபீசு ஆளுகளப் பகைச்சுக்கிட்டு எவன் அலையிறது?"

வழக்கு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் அருள்நாதன் விடுதலையானார். லைசென்சு தப்பியது. ஆனால் அதை அவர் பேசியதே இல்லை. நல்லுசாமி பல்லைக் காட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டதையும், எழுத்தர் சாவகாசமாக அதன்மேல் முத்திரை குத்தியதையும்தான் முகம் சுளித்துச் சொல்வார்.