ஓரத்துக் கறுப்பு

லூர்துராஜ் மிஷன் கல்லூரியில் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பதினோரு வருடமாக அதே நாற்காலி. பிஎச்.டி. முடித்தால்தான் விரிவுரையாளர். முடிக்க விடாமல் அவரைப் பிடித்து ஆட்டியது, வானத்தில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரக்கு.

கன்னி ராசிப் பக்கம் பெரிய நட்சத்திரக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றிக் கொதிக்கிற வாயு எக்ஸ்ரே கதிர்களை வீசுகிறது. அத்தனை சூட்டுக்கு அந்த வாயு எப்போதோ சிதறி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. தெரிகிற நட்சத்திரங்களுக்கு அதைப் பிடித்து வைக்கிற பலம் கிடையாது. அப்படியானால் தெரியாத எதுவோ பிடித்து வைத்திருக்கிறது. அது எவ்வளவு என்று கணக்கிட, செயற்கைக்கோள் எடுத்த எக்ஸ்ரே படத்தின் பிரதி வேண்டும். அமெரிக்காவுக்கு ஏழு கடிதம் எழுதிவிட்டார். ஆராய்ச்சிப் பதிவு காலாவதியாக இன்னும் இரண்டே மாதம். தபால்காரர் கருத்தக்கண்ணன் இவரைத் தூரத்தில் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்குவார்.

இந்த எரிச்சலுக்கு நடுவே 1980 பிப்ரவரியில் சூரிய கிரகணம் வந்தது. ஊரே கதவடைக்கத் தயாரானதை லூர்துராஜால் சகிக்க முடியவில்லை. ஆரப்பாளையத்தில் அவர் குடியிருந்த வளவில் ஒவ்வொரு வீடாக ஏறி, "நல்லாக் கறுத்த எக்ஸ்ரே படமா எடுத்து, அது வழியாப் பாருங்க" என்று தொண்டை வற்றச் சொன்னார். கிரகணத்தன்று காலையிலேயே சமயநல்லூர்ப் பள்ளிக்கூடத்துக்கும் இதையே சொல்லக் கிளம்பிவிட்டார்.

மாலையில் திரும்பினால் வளவே வாசலில் நின்றது.

"அண்ணே, கடிச்ச பணியாரமாட்டம் சூரியனப் பாத்துட்டோம்ணே!" என்றாள் பக்கத்து வீட்டு மாயக்காள். "மதினி குடுத்த எக்ஸ்ரே படம் அம்புட்டுக் கறுப்பு! அதையும் விளக்குல காட்டி இன்னுங் கொஞ்சம் கரியேத்திக்கிட்டோம்." அவள் கையில் சுருங்கிப் பொசுங்கிய துண்டு ஒன்று இருந்தது.

"எந்தப் படம்?" லூர்துராஜ் அந்தத் துண்டைப் பிடுங்கிப் பார்த்தார்.

"நீங்க போனப்பெறகு அமெரிக்காவுல இருந்து வந்துச்சுங்க," என்றாள் மனைவி விக்டோரியா. "உறையில எக்ஸ்ரேன்னு போட்டிருந்துச்சு. பதறாதீங்க, வீணாக்கல. நடுவுல வெள்ளையா இருந்தத அப்படியே வச்சிருக்கேன். ஒண்ணுமில்லாத ஓரத்தத்தான் கத்தரிச்சுக் குடுத்தேன்."

உள்ளங்கையளவு படத்தை நீட்டினாள். அதிலிருந்த வெள்ளைத் திட்டு உலகத்துக்கே தெரிந்த சங்கதி. வாயு எதுவரை பரவியிருக்கிறது என்று காட்டும் மங்கிய ஒளி, கத்தரித்த ஓரத்தில் இருந்தது. யாரைத் திட்டுவது? கறுத்த படமாக எடுத்துப் பார்க்கச் சொன்னதே அவர்தான்.

"ஓரத்துலதாண்டி எல்லாம் இருந்துச்சு!"

"அங்கிட்டு ஒண்ணுமே தெரியலயேங்க."

"தெரியாததத்தாண்டி நான் இத்தன வருசமாத் தேடுறேன்!"

எட்டாவது கடிதத்தை அன்றைக்கே எழுதினார். பதில் வருவதற்குள் பதிவு காலாவதியாகிவிட்டது.