பாலத்தில் நிற்கும் ஆள்

இங்கிலாந்தின் பீங்கான் ஊரான பர்ஸ்லெமில் பிறந்த நாங்கள் யார் வீட்டில் சாப்பிட்டாலும் தட்டைத் திருப்பிப் பார்ப்போம். அடியில் எந்த ஆலையின் முத்திரை என்று தெரியாமல் எங்களுக்குத் தொண்டையில் இறங்காது. எதிர்வீட்டு ஐவியின் கணவர் க்ளெம்முக்கு அது முற்றிப்போன வியாதி. நீல நிறத்தில் ஆறு, மரம், கோட்டை என்று படம் ஒற்றிய பழைய பீங்கான் தட்டுகளாக வாங்கி வீட்டை நிறைத்தார். முத்திரை இல்லாததை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

போன குளிர்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். மாடிப்படி ஏற முடியாத ஐவி, வாய்க்கால் ஓரத்து ஒற்றை அறைக்குக் குடிபோக வேண்டும். அங்கே சுவரில் ஒரு தட்டு மாட்டத்தான் இடம். மற்றதெல்லாம் ஏலத்துக்கு.

எதை வைத்துக்கொள்வது என்ற போட்டியில் கடைசியாக நின்றவை இரண்டு. க்ளெம் அரை ஆயுள் தேடிப் பிடித்த கோட்டைத் தட்டு ஒன்று, முத்திரை பளிச்சென்று இருக்கும். இன்னொன்று ஐவியுடைய ஆற்றுப்பாலத் தட்டு. முத்திரை கிடையாது, விளிம்பில் விரிசல். ஆலையில் படம் அச்சிட்ட தாளைத் தட்டில் ஒற்றியபோது அதன் ஓரங்கள் சரியாகச் சேரவில்லை. பாலத்தில் நிற்கும் ஆளுக்குப் பாதி உடம்புதான்.

"கோட்டையையே எடுத்துக்கோயேன். இது நாலு காசு பெறாது" என்றேன். எனக்குப் பொறுமை கிடையாது.

"க்ளெம்மோடதை விட்டா அவரையே விட்ட மாதிரி இருக்கும் கண்ணு. ஆனா இதை விட்டா..."

முடிக்காமல், சுடச்சுட ஓட்ஸ் ரொட்டியில் சீஸ் உருக்கி, அந்தப் பாலத் தட்டிலேயே வைத்து நீட்டினாள். பாழாய்ப்போன என் கை சும்மா இருக்கவில்லை. தட்டைத் திருப்பிவிட்டது. சீஸ் முழுக்க என் மடியில்!

ஐவிக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. "அப்படியே அவர்தான்டி! அடியைப் பார்க்கற மனுஷனை ஞாபகம் வெச்சுக்க எனக்குத் தட்டு எதுக்கு? ஊரே இருக்கே!"

தட்டைக் கழுவிச் சன்னலோரம் பிடித்தாள். மாலை வெளிச்சத்தில் நீல ஆறு அசைவது போலிருந்தது. "பொழுது சாஞ்சா நான் இதுக்குள்ள போயிடுவேன். கரையோரமா நடப்பேன். மரமும் நீலம், நிழலும் நீலம். தண்ணி சில்லுன்னு இருக்கும். அவரையும் வாங்க வாங்கன்னு கூப்பிடுவேன். எங்க வந்தார்!"

நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். தெருவில் போன பேருந்தின் இரைச்சல் ஆற்றுச் சத்தமாகக் கேட்டது.

ஏலக்காரர்களிடம் கோட்டைத் தட்டை அவளே முத்தமிட்டுக் கொடுத்தாள். புது அறையில் பாலத் தட்டை மாட்டிய அன்று, "வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன்.

அவள் பாலத்து ஆளின்மேல் விரலை வைத்தாள்.

"இத்தனை வருஷமா இது யாருன்னே தெரியல. பாரு, பாதி வந்துட்டார்."