பக்கத்து வீட்டு ஹக்காக்காரர்

ஹக்கா என்பது ஒரு வகை நூடுல்ஸ் என்றே பாதி ஆயுள் நம்பிக்கொண்டிருந்தவன் நான். மெல்பர்னில், ரோவில் என்ற புறநகருக்குக் குடிவந்த பிறகுதான் அது ஒரு ஜனம், ஒரு மொழி என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கல்கத்தாவில் பிறந்த ஹக்கா சீனர். மனைவியோடு ஹக்காவில் சண்டை போடுவார், தோட்டத்தில் பழைய இந்திப் பாட்டு முணுமுணுப்பார். கிரிக்கெட்டில் இந்தியா தோற்றால் வாசல் பக்கமே வரமாட்டார். "ஹக்கான்னா விருந்தாளின்னு அர்த்தம். எந்த ஊருக்குப் போனாலும் பேர் பொருந்திடுது" என்பார் ஆங்கிலத்தில்.

எங்கள் இந்தியர் சங்கத்தின் தீபாவளி விழாவில் ஒரு சாப்பாட்டுக் கடை போட வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. கல்கத்தாவில் அவர் அப்பா ஹோட்டல் நடத்தியவர். அந்தக் கைப்பக்குவத்தை ஒருநாளாவது ஊர்க்காரர்களுக்குப் பரிமாற வேண்டுமாம். சீனப் புத்தாண்டு விழாவில் ஏற்கெனவே கேட்டிருந்தார். கோபி மஞ்சூரியன் சீனச் சாப்பாடே இல்லை என்று அங்கே சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

நான் சங்கத்தின் கமிட்டி உறுப்பினன். சிபாரிசு செய்கிறேன் என்று அவரையும் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். கூட்டம் வழக்கம்போல் இந்தியில் நடந்தது. எனக்கு இந்தியில் பத்துக்கு மேல் எண்ணக்கூட வராது. எல்லோரும் கை தூக்கும்போது நானும் தூக்கியே காலம் தள்ளி வந்தவன். அன்று பக்கத்தில் அவர் இருந்த தைரியத்தில், "என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

அவர் என் காதில் மொழிபெயர்த்தார். "ஆள் நல்லவர்தானாம். ஆனா இது இந்திய விழாவாம். சீனர் கடை போட்டா வர்றவங்க குழம்பிடுவாங்களாம்." குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "இப்ப ஓட்டெடுப்பு. கடை வேணாங்கிறவங்க கை தூக்கணும். நீங்க தூக்கிடாதீங்க."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து ஆங்கிலத்தில் கத்தினேன். தலைவர் அங்கிள் பொறுமையாகக் கேட்டுவிட்டு இந்தியில் பதில் சொன்னார். அதையும் பக்கத்து வீட்டுக்காரர்தான் மொழிபெயர்த்தார். "மதராசிங்க எப்பவும் இப்படித்தான் தகராறு பண்ணுவாங்களாம்."

விழா அன்று சங்கமே நடத்திய கடையில்தான் நீண்ட வரிசை. 'அசல் இந்திய உணவு' என்ற பலகைக்குக் கீழே கோபி மஞ்சூரியனும் ஹக்கா நூடுல்ஸும் விற்றார்கள். அவரும் வரிசையில் நின்று ஒரு தட்டு வாங்கிவந்தார். தலைவர் அங்கிள் அருகில் வந்து, நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டார். "எங்க ஊர்ச் சாப்பாடு. உங்களுக்குக் காரம் ஒத்துக்குதா?"

அவர் இந்தியில் ஏதோ சொன்னார். அங்கிள் மகிழ்ந்துபோய் அவர் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"எங்கப்பா ஹோட்டல்ல சாப்பிட்ட மாதிரியே இருக்குன்னு சொன்னேன்."

தட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.