கதவுக்கு மேல் எழுதியது

என் மகள் ஜெர்மனியில் ஒரு பட்டிக்காட்டில் நர்ஸ். எண்ணினால் எண்பது வீடு தேறாது என்றாள். ஒரு மாதா கோயில், சனிக்கிழமை மட்டும் பற்றவைக்கும் ஊர்ப் பொது ரொட்டி அடுப்பு, பிள்ளைகள் போதாமல் மூடிய பள்ளிக்கூடம். வாலிபப் பட்டாளம் டவுனுக்கு ஓடிவிட்டது. மிச்சமிருக்கும் கிழடுகளைப் பார்த்துக்கொள்ள பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலிருந்து என் பெண் போக வேண்டியிருந்தது. புது ஆளை எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்களாம், யாரும் பேச மாட்டார்களாம். ஆரம்பத்திலிருந்தே அந்த ஊர் எனக்குப் பிடிக்கவில்லை.

போன ஜனவரியில் ஒரு படம் அனுப்பினாள். டியூட்டி முடிந்து வந்தபோது, அவள் வாடகைக்கு இருக்கும் பின்கட்டின் கதவுக்கு மேலே யாரோ சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். வருஷத்தின் எண், நடுவில் மூன்று ஆங்கில எழுத்து, கூட்டல் குறிகள். யார் எழுதியது என்று அவளுக்குத் தெரியவில்லை. பார்த்ததுமே அவளுக்குப் போன் போட்டேன்.

காரணம் இருக்கிறது. நான் பெங்களூரில் ரோடு அகலப்படுத்தும் சர்வேக்காரர்களோடு சிவப்பு பெயிண்ட் டப்பா தூக்கியவன். எண், எழுத்து, கூட்டல் குறி எல்லாம் என் கையாலேயே சுவர்களில் போட்டிருக்கிறேன். போட்ட வீடு அப்புறம் நிற்காது. எங்கள் தெருவில் ஒரு காலத்தில் பேய்க்குப் பயந்து கதவுகளில் 'நாளெ பா' என்று கன்னடத்தில் எழுதினார்கள். நாளைக்கு வா என்றால் பேய் திரும்பிப் போய்விடுமாம். எனக்குத் தெரிந்து வாசலில் எழுதுவது பேயை விரட்ட, இல்லாவிட்டால் ஆளை விரட்ட.

"மொதல்ல அத்தத் தொடச்சிடு கண்ணு," என்றேன்.

"இருப்பா, வீட்டுக்காரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்."

"அவளே எழுத வச்சிருப்பா. சும்னே ஒருத்தன் வந்து கதவுல எழுத மாட்டான். சொன்னா கேளு."

நாற்காலி போட்டு ஏறி ஈரத்துணியால் துடைத்தாள். வீடியோவில் பார்த்துக்கொண்டே, ஓரத்தில் விட்டுப்போனதையும் துடைக்க வைத்தேன்.

மறுநாள் முன்கட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாள் வெறும் கதவைப் பார்த்துத் திகைத்து நின்றாளாம். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அது ஆசீர்வாதம். ஜனவரி ஆறாம் தேதி ஊர்ப் பிள்ளைகள் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களாக வேஷம் கட்டி, கம்பில் நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, வீடு வீடாகப் பாடி எழுதிவிட்டுப் போவார்கள். வருஷம் முழுக்க யாரும் அதை அழிக்க மாட்டார்கள்.

அந்த அம்மாளும் அந்த ஊர்க்காரி இல்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட ஜெர்மன்காரர்களின் கூட்டத்தோடு தள்ளுவண்டியில் வந்த குழந்தை. ஒரு விவசாயி வீட்டில் அவர்களுக்கு அறை ஒதுக்கினார்கள். அந்த ஆள் உடனே உருளைக்கிழங்கு அறைக்குப் பூட்டு வாங்கினான். நட்சத்திரம் தூக்கிய பிள்ளைகள் பல வருஷம் அவர்கள் கதவை மட்டும் தாண்டிப் போனார்களாம். என் மகளின் கதவைத் தாண்டிவிடக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தது அந்த அம்மாள்தான்.

"நான் தொடச்சத ஊரே பாத்துடுச்சுப்பா," என்றாள் மகள். அந்தச் சனிக்கிழமை ரொட்டி அடுப்படியில் அவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. ஏழு கடல் தாண்டியும் என் சந்தேகம் போய் அவள் கதவைத் துடைத்துவிட்டது.

தீபாவளி சமயத்தில் வீட்டுக்கார அம்மாள் இறந்துபோனாள். இனிமேல் பிள்ளைகளிடம் சொல்லி வைக்க ஆள் இல்லை. ஜனவரி பிறந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறாம் தேதி சாயங்காலம் போன் போட்டேன்.

"வந்தாங்களா?"

"வந்தாங்கப்பா. நீயே பாரு." போனைக் கதவுக்கு மேலே காட்டினாள். எண், எழுத்து, கூட்டல் குறி எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

நம்ப எனக்கு ஆசைதான். ஆனால் கண் கேட்க வேண்டுமே. முதல் எண் இரண்டு. அடியில் ஒரு பெரிய சுழி, வால் மேலே தூக்கியபடி. ஒன்றாம் வகுப்பில் என் மகள் ஸ்லேட்டில் போட்ட இரண்டு. எத்தனையோ தடவை நான் அழித்துப் போடச் சொல்லியும் மாறாதது. போன் கீழே இறங்கும்போது, அதே நாற்காலி கதவோரம் கிடந்தது.

"நல்லா எழுதியிருக்காங்க," என்றேன்.

"இந்த வாட்டி தொடைக்கச் சொல்ல மாட்டியே?" என்று சிரித்தாள்.

"வேணாம் கண்ணு. அப்படியே இருக்கட்டும்."